விலகாத மஞ்சள் கோடு

பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் பலர் இருந்தாலும், ‘ஃபிட்டர்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். குப்பை லாரி, கிரேன், மண் அள்ளும் இயந்திரம் என்று எண்ணெய் அழுத்தத்தில் தூக்கி இறக்குகிற வண்டிகள் எல்லாம் அங்கே வந்து படுக்கும். அவற்றின் ரப்பர் ஹோஸ்களையும் இரும்புக் குழாய்களையும் கழற்றிப் பூட்டுவது அவர் வேலை. வேறு வேலை கொடுத்தாலும் செய்வார். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்வார், அதனால் யாரும் கொடுப்பதில்லை.

பேச்சு குறைவு. காலையில் உள்ளே வரும்போது ஒரு தலையாட்டல், போகும்போது ஒரு தலையாட்டல், இடையில் ‘அந்தத் துணிய எடு’ என்பதோடு சரி. ஆனால் ஹோஸ் பூட்டுவதில் என்ன இருக்கிறது, நட்டை மாட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் தீர்ந்தது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்ணெயை நிறுத்துவது நட்டுக்குள் இருக்கிற திருகு மரை அல்ல. மரை வெறுமனே இழுத்துப் பிடிக்கிற கூலியாள். குழாய் முனையில் இருக்கிற கூம்பும் அதன்மேல் போய் உட்காருகிற ஹோஸின் வாயும் பொருந்துகிற இடத்தில்தான் எண்ணெய் நிற்கிறது. அதனால் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றிக்கொண்டு எவனாவது வந்தால், ‘குளிக்கிற ரூம் குழாய்னு நெனச்சியா’ என்று கேட்டு, டேப்பை உருவிக் குப்பையில் போடுவார். அன்று முழுக்க அவனுக்கு அந்தத் தலையாட்டலும் கிடைக்காது.

அவர் முறை ஒன்றுதான், ஒருநாளும் மாறாது. முதலில் கூம்பைத் துடைப்பார். ஒரு துளி மணல் இருந்தாலும் கசியும். பிறகு ஒரு சொட்டு எண்ணெய் தடவி, நட்டைக் கையால் ஓட்டுவார். கை நிற்கிற இடத்தில் ஸ்பேனரை வைத்து லேசாகத் தொடுவார். இரும்பும் இரும்பும் சந்தித்துவிட்டது என்று விரலுக்குத் தெரியும். அங்கே நிறுத்தி, மஞ்சள் பெயிண்ட் பேனாவால் நட்டிலிருந்து குழாய் வரைக்கும் நேராக ஒரு கோடு போடுவார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பழந்துணியில் கையைத் துடைத்த பிறகுதான் பெரிய ஸ்பேனரைத் தொடுவார். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இடது கையில் இன்னொரு ஸ்பேனர் அதைப் பிடித்திருக்கும். நட்டுக்கு ஆறு பக்கம், பட்டை என்பார்கள். அளவுக்குத் தகுந்தபடி ஒரு பட்டையோ ஒன்றரைப் பட்டையோ திருப்புவார், அதோடு சரி. அதற்குமேல் இறுக்கினால் கூம்பு நசுங்கி வெடிப்பு விடும்.

அப்படித் திருப்பி முடித்ததும் கோடு இரண்டாகப் பிரிந்து, நட்டில் இருக்கிற பாதி தள்ளிப் போயிருக்கும். கோடு விலகியிருந்தால் வேலை முடிந்தது. நேராக இருந்தால் இன்னும் முடியவில்லை. பட்டறையில் வாசல் காக்கிறவருக்குக்கூட இது தெரியும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, தினம் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

இப்படிப்பட்ட கை வீட்டுக்குப் போனால் சும்மா இருக்குமா? சர்க்கரை ஜாடியை அவர் ஒருதரம் மூடினால், மறுபடி திறக்க அவரேதான் வர வேண்டும். அவர் மனைவிக்கு விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கி, காலையில் சீப்பைப் பிடிப்பதே பெரும்பாடு. டீத்தூள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு திறந்து கொடுப்பார். ஒருநாள் கணவர் வேலை விட்டு வரும்போது எல்லா ஜாடிகளையும் மேஜைமேல் வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இது சர்க்கரை டப்பாவா, இல்ல கிரேனா? இதுக்குள்ள இருந்து என்ன எண்ணெயா பீச்சி அடிக்கப் போகுது?”

அவர் ஒவ்வொரு ஜாடியையும் திறந்து அவளிடம் கொடுத்து, அவள் கைக்கு முடிந்த அளவு மூடச் சொன்னார். அவள் மூடிய இடத்தில், சட்டைப் பையிலிருந்த மஞ்சள் பேனாவை எடுத்து, மூடியிலிருந்து ஜாடி வரைக்கும் ஒரு கோடு போட்டார். இனிமேல் அதைத் தாண்டி ஒரு மயிரிழை திருகினாலும் தனக்கு டீ கிடையாது என்று அவர்தான் தீர்ப்பும் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வேறு வீட்டில் சண்டை தீர்ந்தால் பூவோ புடவையோ வாங்கித் தருவார்கள், எனக்குக் கோடுதான் கிடைக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டினாள். ஆனால் அன்றிலிருந்து அந்தச் சமையலறையில் எந்த மூடியும் மல்லுக்கு நிற்கவில்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய தம்பியைத்தான் சின்னதிலிருந்து அவள் வளர்த்தாள். தாய் போன வீட்டில் அவனைக் குளிப்பாட்டியதும் அவள்தான், கல்யாணத்துக்குப் பெண் பார்த்ததும் அவள்தான். தம்பி வாய்க்காரன். மாமா ஒரு வாரம் பேசுகிற பேச்சை அவன் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பேசுவான். வேன் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மனைவி, இரண்டு பெண்கள், கையில் வேலை இல்லை என்று அக்கா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். அவள் கணவனிடம் பேச்சை எடுத்தாள். அவர் முதலாளியிடம் சொல்லி அவனைப் பட்டறையின் ஸ்டோர் கவுன்டரில் உட்கார வைத்தார். வாஷரும் சீலும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அவனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுங்கள், அரைகுறையாக விட்டுவிடாதீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டாள். சரி என்றார். ரப்பர் வளையத்தின் அளவுகளிலிருந்து ஹோஸின் ரகம் வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கோட்டை மட்டும் சொல்லவில்லை. வண்டி நிற்கிற பக்கம் வராமல் ஸ்டோரிலேயே இருக்கிறவனுக்கு அது எதற்கு? தவிர, கோட்டைப் போய் ஒருத்தனுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவளுக்கு மூட்டோடு நின்ற நோய் நெஞ்சுக்கு ஏறியது. பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வேலை முடிந்ததும் அவர் அங்கே போய் உட்கார்ந்திருப்பார். அவள்தான் பேசுவாள். ஜாடிகளைப் பற்றிக்கூட விசாரிப்பாள், யாரையும் தொடவிடவில்லையே என்று. நீ வந்து தொட்டுக்கொள் என்பார் அவர். இருவருக்கும் அவ்வளவு போதுமானதாக இருந்தது.

ஒருநாள் முதலாளி ஊரில் இல்லை. ஒரு குப்பை லாரி நின்றிருந்தது. பெரிய தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கிற இரும்புக் கைக்குப் போகும் ஹோஸைப் புதிதாகப் போட வேண்டும். டிரைவர் கீழே இறங்காமல், பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஹார்ன் அடித்துத் தன் அவசரத்தைத் தெரிவித்துக்கொண்டிருந்தான். ஃபிட்டர் ஒரு முனையைப் பூட்டி முடித்தார். அங்கே கோடு அழகாக விலகி நின்றது. மறு முனைக்குப் போய்க் கூம்பைத் துடைத்தார், கையால் ஓட்டினார், ஸ்பேனரால் தொட்டார், கோடு போட்டார். போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ், உடனே வரச் சொன்னாள்.

கையிலிருந்ததைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஸ்டோர் கவுன்டரைத் தாண்டும்போது மச்சினனிடம், அக்காவைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், வண்டியை அனுப்பிவிட்டு நீயும் வா என்று சொல்லிவிட்டு ஓடினார். ஏன் அப்படிச் சொன்னார் என்று பிற்பாடு அவருக்கே புரியவில்லை. ஹார்ன் சத்தம் காதிலேயே இருந்திருக்கும். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

மச்சினன் வண்டியைப் பூட்டுகிறவன் அல்ல. ஆனால் மாமா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அங்கே அக்கா கிடக்கிறாள். ஓடிப்போய் ஹோஸின் இரண்டு முனைகளையும் பார்த்தான். தொட்டி இல்லாமல் அந்த இரும்புக் கையை மட்டும் ஒருதரம் தூக்கி இறக்க டிரைவரிடம் சொன்னான். எதுவும் கசியவில்லை. வண்டி போனது. பிறகுதான் அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

அதற்குள் அங்கே நடக்க வேண்டியது நடந்துகொண்டிருந்தது. ஃபிட்டர் உள்ளே நுழைந்தபோது அவள் கண் திறந்துதான் இருந்தது. மூக்கில் குழாய். மூச்சு பாதி தூரம் வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவர் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையை எடுத்துக்கொண்டார். அவள் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தாள்.

“வேலைய பாதியில விட்டுட்டா வந்தீங்க?”

“இல்ல. முடிச்சிட்டுதான் வந்தேன்.”

அவள் அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது. போர்வையின் நுனியை எடுத்து, வீங்கிய விரல்களால் மெதுவாக அதைத் துடைத்துவிட்டாள். போர்வையில் மஞ்சள் இழுபட்டது. “சரி,” என்றாள். பிறகு தம்பி எங்கே என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறான் என்றார். வராந்தாவில் அவன் ஓடிவருகிற செருப்புச் சத்தம் கேட்டபோது அவள் கேட்கிற நிலையில் இல்லை.

அவர் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். சிலர் அவரைக் கட்டிக்கொண்டு அழுது, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பார்த்தார்கள், இப்போதாவது அழுவாரா என்று. ஒன்றும் வரவில்லை. மனுஷனா மரமா என்று ஒரு உறவுக்காரி சத்தமாகவே கேட்டாள். அவருக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. தன்னைத் தொட்டால் தனக்குத் தெரிகிறதா என்று பார்க்க, பல் துலக்கும்போது ஒருதரம் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். தெரிந்தது. ஆனால் வேறு யாரையோ கிள்ளுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது.

மச்சினன் அதற்கும் சேர்த்து அழுதான். கடைசியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லையே என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டான். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு ஃபிட்டர் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். வீட்டில் இருந்து என்ன செய்வது? வெளியே டீ, வெளியே சாப்பாடு. சமையலறைப் பக்கம் போகவே இல்லை. அங்கே போய் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அவர் திரும்பிப் போன வாரத்திலேயே அந்தக் குப்பை லாரியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். நாள் ஓட ஓட ஆட்டத்தில் தளர்ந்திருந்த ஹோஸ், நிறைந்த தொட்டியைத் தூக்கும்போது பிடுங்கிக்கொண்டது. கொதிக்கிற எண்ணெய் பீச்சியடிக்க, தொட்டி தடாலென்று கீழே இறங்கி, குப்பை ஏற்றுகிறவரின் காலை நசுக்கிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் போயிருந்தது, மாசக்கணக்கில் படுக்கை. முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

ஹோஸைக் கழற்றி மேஜைமேல் போட்டுச் சுற்றி நின்றார்கள். பிடுங்கிக்கொண்ட முனை சாலையில் அடிபட்டு, கூம்பும் மரையும் சிதைந்து, எந்த நிலையில் இருந்தது என்று கண்டுபிடிக்கிற மாதிரி இல்லை. ஆச்சரியம் ஃபிட்டர் முதலில் பூட்டிய முனையில் இருந்தது. அங்கே கோட்டின் பாதி இருக்க வேண்டிய தூரத்தைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. கூம்பு நசுங்கி மெல்லிய வெடிப்பு. யாரோ மாட்டை இழுக்கிற மாதிரி இழுத்து இறுக்கியிருக்கிறார்கள்.

முதலாளி மச்சினனைப் பார்த்தார். அவன் மறைக்கவில்லை. இரண்டு முனையும் பார்த்தேன், ஒன்று நேராக இருந்தது, அதைத் தொடவில்லை, இன்னொன்று விலகியிருந்தது, அதை நன்றாக இறுக்கிவிட்டேன் என்றான். பின்னால் நின்ற வெல்டர் சிரித்தே விட்டான். பூட்டினதை மறுபடி பூட்டி, பூட்டாததைப் பூட்டாமல் அனுப்பியிருக்கிறான், இவனுக்கு மாலை போட வேண்டும் என்றான். மச்சினன் திருதிருவென்று விழித்தான். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குப் புரியவில்லை.

முதலாளி ஃபிட்டரிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. பிடுங்கிக்கிட்ட அந்த முனைய முடிச்சீங்களா?”

“முடிச்சிட்டுதான் போனேன்.”

யோசித்துச் சொல்லவில்லை. கேள்வி வந்தது, நாக்கில் ஏற்கெனவே இருந்த வாக்கியம் வெளியே வந்தது. மனைவியிடம் சொன்ன அன்றிலிருந்து அது அவருக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பியிருந்தார். முடிக்காமல் வந்தேன் என்றால், அவளிடம் கடைசியாகச் சொன்னது பொய் என்று ஆகும். அந்தப் பக்கம் அவர் மனசு போகவே இல்லை. மரத்துப்போன காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் வைக்கிற மாதிரி அந்தப் பதிலை வைத்துவிட்டார்.

ஃபிட்டர் முடித்தேன் என்றால் அந்தப் பட்டறையில் அதற்கு அப்பீல் கிடையாது. அப்படியானால் கோடு நேராக இருந்தது என்று இவன் சொல்வது பச்சைப் பொய். கண்டபடி திருகி, ஒன்றை உடைத்து இன்னொன்றை அவிழ்த்திருக்கிறான். வாரக் கடைசிக்குள் குப்பை லாரியின் சொந்தக்காரர்களான நகராட்சிக்கு, தப்பு யாருடையது என்று ஒரு பெயர் சொல்ல வேண்டும், அந்த ஆள் இனி அவர்கள் வண்டிகளைத் தொடக் கூடாது என்பது அவர்கள் கண்டிஷன். பட்டறையில் பாதி வண்டி அவர்களுடையது. தொடக் கூடாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலாளி மச்சினனை அதுவரை வரவேண்டாம் என்றார். வாரக் கடைசியில் அவன் பெயர்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மச்சினன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். அவர் மேஜைமேல் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான். சண்டை போட வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் மூக்குக் கண்ணாடியையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கி வைத்திருந்தான், கொடுக்க வந்தான். கொடுத்துவிட்டுப் போகாமல் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். வழக்கமாக வாய் ஓயாதவன், தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவள், அப்பா ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்கிறாள் என்று சொன்னான். காலுடைந்த மனிதரைப் பார்க்கப் போனானாம், வார்டு வாசல் வரைக்கும் போய், உள்ளே போக முடியாமல் திரும்பிவிட்டானாம். அக்காவையும் பார்க்க முடியவில்லை, அந்த வண்டியை அனுப்புகிறேன் என்று நின்று, அந்த வண்டியையும் ஒழுங்காக அனுப்பவில்லை, நான் எதற்கு மாமா இருக்கிறேன் என்றான்.

ஃபிட்டர் டீ போடுகிறேன் என்று எழுந்தார். அவள் போனபிறகு முதல்தடவையாக அடுப்படிக்குள் போனார். பால் இல்லை. வெறும் டீ போதும் என்று மச்சினனும் பின்னாலேயே வந்து நின்றான்.

ஜாடிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு மூடியிலிருந்து கீழே வரைக்கும் நேராக இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை அவள் மூடி வைத்தது. அவர் சர்க்கரை ஜாடியை எடுத்துத் திருகினார். எதிர்ப்பே இல்லாமல் திறந்துகொண்டது, அவ்வளவு குறைந்த பலத்தில் மூடியிருந்தாள். சர்க்கரையைப் போட்டுவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு தன் கைப்பழக்கத்தில் மூடியை இறுக்கி வைத்தார்.

மச்சினன் கையை நீட்டி ஜாடியை எடுத்தான்.

“கோடு விலகிப்போச்சு மாமா. சரியா மூடல நீங்க.” சிரமப்பட்டுத் திறந்து, கோடு நேராக வருகிற வரைக்கும் மெதுவாகத் திருகி, திருப்தியோடு அலமாரியில் வைத்தான். “நேரா இருந்தாத்தானே சரி. இல்லன்னா அக்கா விடவே மாட்டா.”

ஃபிட்டர் ஜாடியைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது, அணைக்கத் தோன்றவில்லை.

“அன்னைக்கு அந்த முனையில கோடு எப்படி இருந்துச்சு?”

“நேரா இருந்துச்சு மாமா. எத்தனை தரம் சொல்றது? நீங்க பூட்டி முடிச்சதுன்னு நான் தொடல. அந்தப் பக்கம்தான் விலகி இருந்துச்சு, வண்டி ஆட்டத்துல லூசாயிருக்கும்னு இறுக்கினேன்.”

“நேரா இருந்தா முடிஞ்சதுன்னு உனக்கு யார் சொன்னது?”

அவன் புரியாமல் அலமாரியைக் காட்டினான். “யார் சொல்லணும்? இத்தனை வருஷமா இந்த வீட்ல பாக்கறதுதானே. நீங்க போட்ட கோடுதானே இது?”

அவர் அடுப்பை அணைத்தார். அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவன் இவ்வளவு முட்டாள்தனமாகச் சொல்ல மாட்டான். அப்படியென்றால் கோடு நேராகத்தான் இருந்தது. கோடு நேராக இருந்தது என்றால், அவர் அந்த நட்டைத் திருப்பவில்லை. இதற்கு வேறு வழி எதுவும் இல்லை. வீட்டில் ஒரு கோட்டைப் போட்டு ஒரு அர்த்தத்தையும், பட்டறையில் அதே பேனாவால் அதே மாதிரிக் கோட்டைப் போட்டு நேர்மாறான அர்த்தத்தையும் வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக நடமாடியிருக்கிறார். அவருக்கு ஒருநாளும் குழம்பியதில்லை. அதனால் யாருக்கும் குழம்பாது என்று இருந்துவிட்டார்.

டீயை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போனார். அன்றைக்குப் போட்டிருந்த சட்டை ஆணியில் அப்படியே தொங்கியது, யார் துவைப்பார்கள்? மேல்பையில் மஞ்சள் பேனா இருந்தது. மூடி இல்லை. பையின் அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் ஊறிக் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. பேனாவை மூடாமல் அவர் பெரிய ஸ்பேனரைத் தொட்டதே கிடையாது. அவர் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்போதும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. தப்பு தன்னுடையது என்று கணக்குப்போல் தெரிந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்து மச்சினனிடம், நான் முடிக்கவில்லை என்றார். அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பட்டறையில் கோடு நேராக இருந்தால் என்ன அர்த்தம் என்று சொன்னார். அதை உனக்குச் சொல்லித்தராமல் விட்டது நான்தான், உன் அக்கா அரைகுறையாக விடாதீர்கள் என்று சொல்லியும் விட்டேன் என்றார். அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தார். அவன், “அப்போ நான் பைத்தியக்காரன் இல்லதானே மாமா?” என்று மட்டும் கேட்டான். இல்லை என்றார்.

மறுநாள் காலை முதலாளியின் அறைக்குப் போய் நின்றார். சட்டையையும் சுருட்டி எடுத்துப் போயிருந்தார். அந்த முனையை நான் பூட்டி முடிக்கவில்லை, கோட்டைப் போட்டதோடு ஓடிவிட்டேன், வண்டியை அனுப்பச் சொன்னதும் நான்தான் என்றார். முதலாளி பேப்பர்களை ஒதுக்கி வைத்தார். அவருக்கு ஃபிட்டரை இழக்க விருப்பமில்லை, அது முகத்தில் தெரிந்தது. மச்சினனைக் காப்பாற்றப் பழியைத் தலையில் போட்டுக்கொள்ள வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தார்.

“அன்னைக்கு முடிச்சிட்டுதான் போனேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். அவகிட்ட சொன்னதையே உங்ககிட்டயும் சொல்லிட்டேன்.”

“இப்ப மாத்திச் சொன்னா உங்க பேரைத்தான் குடுக்கணும். அவங்க வண்டி எதையும் நீங்க தொட முடியாது. தெரியுதா?”

“குடுங்க. அவனைக் கூப்பிட்டுக்கங்க.”

முதலாளி சட்டையைப் பிரித்துப் பார்த்தார். வீட்டுக்காரி போன துக்கத்தில் மனசு என்னென்னவோ கற்பனை செய்யும், பேனா கசிவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று இதமாகத்தான் சொன்னார். முடிக்கவில்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

ஃபிட்டர் வலது கையை மேஜைமேல் நீட்டினார். கட்டைவிரலைக் காட்டினார். அதில் இப்போது ஒன்றும் இல்லை.

“இதுல பெயிண்ட் இருந்துச்சு. காயக்கூட இல்ல. நான் திருப்பி முடிச்சிருந்தா கையத் துடைச்சிருப்பேன். அவதான் துடைச்சுவிட்டா.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். துடை, ஓட்டு, தொடு, கோடு போடு, கையைத் துடை, பிறகு திருப்பு. அந்த வரிசை இந்தப் பட்டறையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களைவிட நன்றாக ஒருத்திக்குத் தெரியும். எத்தனை வருஷம் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, வெள்ளை டேப் சுற்றியவனைத் திட்டுவதிலிருந்து அத்தனையும் கேட்டிருக்கிறாள். ஊருக்கெல்லாம் ஊமையாக இருந்தவர் அவளிடம்தான் அதைச் சொல்லியிருக்கிறார். அவள் அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். காயாத மஞ்சளைப் பார்த்தாள். வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்கிற மாதிரி அதைத் துடைத்தாள். பிறகுதான் சரி என்றாள்.

“அவளுக்குத் தெரிஞ்சிருக்கு முதலாளி,” என்றார். “பாதியில விட்டுட்டுதான் வந்தேன்னு தெரிஞ்சிருக்கு.”

அவள் போன அன்று எல்லோரும் பக்கத்தில் நின்று எதிர்பார்த்து, கிடைக்காமல் திரும்பிப்போன அழுகை அப்போது வந்தது. நின்றபடியே, கட்டைவிரலை மறு கையால் பிடித்துக்கொண்டு, வெளியே கிரைண்டர் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற அளவுக்கு அழுதார். முதலாளி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நகராட்சிக்கு எழுதி வைத்திருந்த பேப்பரை எடுத்து, அதில் இருந்த மச்சினன் பெயரை அடித்தார்.